கடலூர் டு சிதம்பரம்... வழி: வயிறு!

கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். ஓல்டு டவுன், சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம்... அவ்வளவுதான், சிதம்பரம் வந்துவிடும். சாதாரண மனிதர்களுக்கு இது ஒரு குட்டித் தூக்கம் போடுகிற தூரம். ஆனால், பஸ்ஸில் ஏறும்போதே 'அவசரம்னா டிரைவர் நிறுத்துவாரா? முகத்தைப் பார்த்தா நல்லவர் மாதிரி தெரியலையே!' என்று கவலைப்படுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. உங்கள் ஆபீசில் பக்கத்து சீட்டிலேயே ஒருத்தர் இருக்கலாம். மீட்டிங் ஆரம்பிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது காணாமல் போவார். டூர் என்றால் லீவு போடுவார். கல்யாண வீட்டுப் பந்தியில் மோர் மட்டும் வாங்கிக் குடிப்பார். "வேலையில ஈடுபாடு இல்லாத ஆளு" என்று மேனேஜர் ரிமார்க் எழுதுவார். பாவம், அவருக்கு ஈடுபாடெல்லாம் இருக்கிறது. வயிறுதான் ஒத்துழைப்பதில்லை.

அடியேனும் அந்தக் கட்சிதான்.

இந்த வியாதிக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் ஐ.பி.எஸ். போலீஸ் அதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். (என் மாமா நினைத்தார். "எந்த பேட்ச்?" என்று கேட்டார்.) இது 'எரிச்சலூட்டும் குடல்' விவகாரம். ஸ்கேன் எடுத்தால் நார்மல். ரத்தம் எடுத்தால் நார்மல். எண்டோஸ்கோப்பி விட்டுப் பார்த்தாலும் நார்மல். வயிறு மட்டும் நார்மல் இல்லை. 2016-ல் வெளியான 'ரோம் 4' என்கிற சர்வதேச விதிப்படி, கடைசி மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி வர வேண்டும். அந்த வலிக்கும் 'வெளியே போவதற்கும்' சம்பந்தம் இருக்க வேண்டும். அப்படியென்றால் நீங்களும் ஐ.பி.எஸ். ஆபீசர்! சிலருக்குப் பேதி, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் ஷிஃப்ட் போட்டு வரும்.

இதற்கு ஒரு சாப்பாட்டு முறை இருக்கிறது. பெயர் 'லோ ஃபாட்மேப்'. மேப் என்றதும் வழி காட்டும் சமாச்சாரம் என்று நினைக்கத் தோன்றும். ஒரு வகையில் அது சரிதான். சில வகைச் சர்க்கரைச் சத்துகளின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் இருவரும் 2005-ல் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

யார் யார் இந்தக் கூட்டணியில்? வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருக்கும் ஃப்ரக்டான். பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மாவில் இருக்கும் ஓலிகோ வகைச் சர்க்கரை. பாலில் இருக்கும் லாக்டோஸ். மாம்பழம், ஆப்பிள், தேனில் கூடுதலாக இருக்கும் ஃப்ரக்டோஸ். காளான், காலிஃப்ளவர், 'சுகர் ஃப்ரீ' மிட்டாயில் இருக்கும் பாலியால். மொத்தம் ஐந்து கட்சி.

இவர்கள் செய்கிற வேலை ரொம்ப சிம்பிள். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் தப்பிவிடுவார்கள். போகிற வழியில் தண்ணீரை வேறு குடலுக்குள் இழுத்துக்கொள்வார்கள். பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே கோடிக்கணக்கில் குடியிருக்கும் கிருமிகள் 'வாங்க வாங்க' என்று வரவேற்றுப் புளிக்க வைத்துவிடும். வாயு உண்டாகும். பலூன் மாதிரி குடல் விரியும். இது எல்லோர் வயிற்றிலும் நடக்கிற சங்கதிதான். ஆனால், மற்றவர்கள் குடல் 'சரி, போ' என்று விட்டுவிடும். எங்கள் குடலின் நரம்புகள் கொஞ்சம் சென்சிடிவ். சின்ன விஷயத்துக்கும் ஊரைக் கூட்டும்.

அதிலும் ஒரு சூட்சுமம். இவர்கள் ஒவ்வொருவரும் தனியாக, குறைந்த அளவில் வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சாம்பார், பூரி, பால் பாயசம் என்று ஒரே இலையில் கூட்டணி சேர்ந்தால் ஆட்சி கவிழ்ந்துவிடும்.

நம்ம பி.காம். பாஷையில் சொன்னால் புரிந்துவிடும். டிரையல் பாலன்ஸ் டாலி ஆகவில்லை. என்ன செய்வோம்? வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு, ஒவ்வொரு என்ட்ரியாகத் தேடுவோம். இங்கேயும் அதேதான். முதல் கட்டத்தில், இரண்டு முதல் ஆறு வாரம், சந்தேகப்பட்ட எல்லாவற்றையும் சஸ்பென்ஸில் வைப்பது. இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டு, குற்றவாளி யார் என்று பிடிப்பது. மூன்றாம் கட்டத்தில் நிரபராதிகளை எல்லாம் மரியாதையோடு இலைக்குத் திருப்பி அழைப்பது. சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டை வருஷக்கணக்கில் மூடாமல் வைத்திருக்கிற கம்பெனி உருப்படாது. இந்த டயட்டும் அப்படியே.

நான் முதல் கட்டத்தில் நாலாவது வாரத்தில் இருந்தபோதுதான் கடலூர், சிதம்பரம் இரண்டு ஊருக்கும் இரண்டு நாள் போக வேண்டி வந்தது. ஊர் ஊராகப் போய் எழுதுவது என் பிழைப்பு. 'வயிறு சரியில்லை, வரலை' என்று எத்தனை முறைதான் சொல்வது? இந்தத் தடவையும் போகாவிட்டால், அடுத்த தடவை கூப்பிட ஆள் இருக்காது. டப்பா கட்டிக்கொண்டு போவதா, ஊர்ச் சாப்பாட்டை நம்புவதா? நம்பிப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு ரசம்

நண்பர் வீடு மஞ்சக்குப்பத்தில். காலையில் போய் இறங்கியதுமே அவருடைய அம்மா தட்டைப் போட்டுவிட்டார்கள். இட்லி, சின்ன வெங்காய சாம்பார்.

இட்லி பற்றி எனக்குப் பயமில்லை. அரிசி இந்த விஷயத்தில் பரம சாது. உளுந்தில் ஓலிகோ உண்டு என்றாலும், ஊற வைக்கும்போது ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். மாவு புளிக்கும்போது இன்னொரு பகுதியைக் கிருமிகள் வெளியிலேயே சாப்பிட்டு முடித்துவிடும். வயிற்றுக்குள் நடக்க வேண்டிய கச்சேரி, முதல் நாள் ராத்திரி மாவுப் பாத்திரத்திலேயே நடந்து முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிரச்னை சாம்பார்தான். துவரம்பருப்பும் வெங்காயமும் கைகோத்த கூட்டணி மந்திரிசபை.

"சாம்பார் வேணாங்கம்மா... கொஞ்சம் நல்லெண்ணெய் இருந்தா போதும்."

அவர்கள் முகம் வாடிவிட்டது. "ஏம்ப்பா, எங்க வீட்டு சாம்பார் ஆவாதா? இந்தத் தெருவே கேட்டு வாங்கினு போவுமே!"

ஃப்ரக்டான், ஓலிகோ என்று அந்த இடத்தில் லெக்சர் அடிக்க முடியுமா? அடித்தாலும் அவர்கள் காதில் விழப்போவது ஒன்றே ஒன்றுதான்: 'இந்தப் பையனுக்கு என் சமையல் பிடிக்கலை.'

இந்த ஜில்லாவில் சாப்பாட்டை மறுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பசியையே ஒரு பிணி என்று சொன்ன வள்ளலார், சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் 1823-ல் பிறந்தவர். 1867-ல் வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலையில், அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. யார் போனாலும், என்ன ஜாதி, என்ன மதம் என்று கேட்காமல் சோறு. அப்படிப்பட்ட மண்ணில் தட்டைத் தள்ளி வைத்தால் எப்படியிருக்கும்?

சட்டென்று ஒன்று தோன்றியது. "அம்மா, எனக்கு ஒரு உதவி செய்வீங்களா? பூண்டு, பருப்பு எதுவும் போடாம மிளகு, சீரகம் தட்டிப் போட்டு, பெருங்காயம் மணக்க ஒரு புளி ரசம் வெச்சுத் தர முடியுமா? எங்க வீட்ல யாருக்கும் அது சரியா வரலை."

கால் மணி நேரத்தில் ரசம் ரெடி. நான் மூன்று டம்ளர் குடித்தேன். அந்த அம்மாவுக்கு ஏக சந்தோஷம். வேண்டாம் என்று சொல்வதைவிட, வேறொன்றைக் கேட்டு வாங்குவது சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஐ.பி.எஸ். ஆபீசர்கள் குறித்துக்கொள்ளவும். மாமியார் வீட்டுக்குப் போகும்போது உதவும்.

ஒரு எச்சரிக்கை: கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. சிட்டிகை அளவு பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. ரொம்ப உஷார் பேர்வழிகள் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்கலாம்.

"சாமிக்கு ஒரு மீன்!"

மதியம் ஓல்டு டவுன் பக்கம். துறைமுகம் இருக்கிற ஊர். மீனில் மாவுச்சத்தும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆகவே ஃபாட்மேப்புக்கு அங்கே வேலையே இல்லை. முட்டை, கோழி, ஆட்டுக்கறிக்கும் இதே நியாயம்தான். ஆனால், மீன் தானாக வருவதில்லையே! சின்ன வெங்காயம், பூண்டு என்று பரிவாரத்தோடு குழம்பாக வருகிறது.

ஒரு சின்ன மெஸ். சப்ளையர் தம்பியிடம் கேட்டேன். "வெங்காயம், பூண்டு இல்லாம என்னப்பா இருக்கு?"

அவன் முகத்தில் பக்தி வந்துவிட்டது. "மாலை போட்டிருக்கீங்களா சாமி?"

"அதெல்லாம் இல்லப்பா..."

"பரவால்ல சாமி. டேய், சாமிக்குத் தனியா இலை போடு! அப்பளம், ரசம், மோரு குடுத்துடலாம். வேற என்ன சாமி?"

"ஒரு சங்கரா மீன் வறுத்துக் குடு."

மெஸ்ஸே ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. பக்கத்து டேபிள்காரர் என் நெற்றியைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நல்ல வேளை, உள்ளேயிருந்து சமையல்கார அக்கா எட்டிப் பார்த்தார். "வயித்துக்காரரா? எங்க மாமனாருக்கும் இதே ரோதனைதான். இரு தம்பி!" மசாலாவில் ஊற வைக்காத மீனாக ஒன்றை எடுத்து, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு மட்டும் தடவி வறுத்துக் கொண்டுவந்து வைத்தார். வெள்ளைச் சோறு, வறுத்த மீன். தேவாமிர்தம்.

அக்காவுக்கு நன்றிக்கடனாக ஒரு ரகசியம் சொன்னேன். பூண்டில் இருக்கும் ஃப்ரக்டான் தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே பூண்டுப் பல்லை எண்ணெயில் போட்டு, சிவந்ததும் மொத்தமாக எடுத்து எறிந்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை மட்டும் வரும், வம்பு வராது. குழம்பில் போட்டுக் கொதித்த பூண்டைப் பொறுக்கிப் போட்டுப் பிரயோஜனமில்லை. அதற்குள் ஃப்ரக்டான் குழம்பில் இறங்கியிருக்கும்.

அக்கா யோசித்தார். "விக்கிற வெலைல பூண்டை எடுத்து எறியறதா? நீ சாமியாவே இருந்துட்டுப் போ தம்பி!"

சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். கொஞ்ச தூரத்தில் ராபர்ட் கிளைவ் கவர்னராக இருந்த செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சங்கள். கடற்கரையில் சுண்டல், மிளகாய் பஜ்ஜி, வெங்காய பஜ்ஜி. சுண்டலும் கடலை மாவும் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் இருக்கின்றன. அப்போதுதான் வேக வைத்த வேர்க்கடலை வண்டி வந்தது. இந்தப் பக்கத்தில் அதற்கு 'மல்லாட்டை' என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதன் செல்லச் சுருக்கம். மொனாஷ்காரர்கள் சோதித்துப் பார்த்து வேர்க்கடலைக்குப் பச்சை விளக்கு காட்டியிருக்கிறார்கள். ஆனால், முந்திரிக்கு சிவப்பு விளக்கு!

இது எப்பேர்ப்பட்ட அநியாயம் பாருங்கள். முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போன பண்ருட்டி இதே ஜில்லாவில்தான் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்தபோது அந்தத் தோப்புகள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்து அழாத ஜனம் இல்லை. அப்புறம் பாடுபட்டு மறுபடியும் நட்டு வளர்த்த முந்திரி. நண்பரின் அம்மா கிளம்பும்போது கால் கிலோ பாக்கெட்டைப் பையில் திணித்துவிட்டார்கள். மறுக்கவில்லை, வாங்கிக்கொண்டேன்.

தில்லையில் கிடைத்த இலை

மறுநாள் சிதம்பரம். பஸ் பயணம் இனிதே முடிந்தது. (விவரம் வேண்டாம்.) 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒரு பக்கம், நடராஜர் கோயில் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஹோட்டல்கள். எனக்கு இந்த ஊரில் ஒரே ஒரு இலக்கு. சம்பா சாதம், கத்தரிக்காய் கொத்சு.

தெரிந்தவர் வீட்டில் மதியச் சாப்பாடு. நடராஜர் கோயில் நைவேத்தியமாகப் பேர் வாங்கிய ஜோடி இது. சம்பா சாதம் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. உதிர் உதிராக வடித்த சாதம், நெய், பொடித்த மிளகு, சீரகம், உப்பு. கொத்சு என்றால் கத்தரிக்காய், புளி, நல்லெண்ணெய், வறுத்து அரைத்த மிளகாய் மல்லிப் பொடி, பெருங்காயம். கோயில் பக்குவம் என்பதால் வெங்காயமும் கிடையாது, பூண்டும் கிடையாது.

இலையைப் பார்த்துவிட்டு மனசுக்குள் மொனாஷ் பட்டியலை ஓட்டினேன். அரிசிக்கு பச்சை. நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை, பச்சை. மிளகு, சீரகம் பச்சை. கத்தரிக்காய், ஒரு கப் அளவோடு நிறுத்தினால், பச்சை. வறுத்து அரைப்பதில் கொஞ்சம் கடலைப்பருப்பு சேர்ப்பதுண்டு. ஒரு ஸ்பூன்தான், போனால் போகட்டும். மெல்போர்னில் 2005-ல் பெயர் வைத்த டயட்டுக்கு, தில்லையில் இலை போட்டு வைத்திருக்கிறார்கள்!

உடனே "பாத்தியா, நம்ம முன்னோர்கள் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க!" என்று கிளம்பிவிடாதீர்கள். கோயிலில் வெங்காயம், பூண்டை விலக்கியதற்குக் காரணம் ஆசாரம், ஃப்ரக்டான் இல்லை. அதே கோயில்களின் சர்க்கரைப் பொங்கலில் பாசிப்பருப்பும் முந்திரியும் மிதக்கின்றன. பாயசத்தில் பால் ஓடுகிறது. இரண்டு பாதை ஓர் இடத்தில் சந்தித்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால், சந்தித்த இடத்தில் என் மாதிரி ஆள் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டான் என்பது நிஜம். ஹோட்டலில் கேட்கும்போது மட்டும் ஜாக்கிரதை. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கொத்சு என்று பல இடங்களில் வெங்காயமும் பருப்பும் போட்டுவிடுவார்கள். பெயர் ஒன்றுதான், ஆள் வேறு.

கடைசியில் மோர் வந்தது. இங்கே ஒரு தகவல். தென்னிந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, பாலைச் செரிக்கும் லாக்டேஸ் என்சைம் குழந்தைப் பருவத்தில் இருந்த அளவுக்கு இருப்பதில்லை. அதற்காக எல்லோருக்கும் தொந்தரவு வரும் என்றில்லை. ஒரு டபரா காபி பலருக்கு ஒன்றும் செய்யாது. உறைந்த தயிரில் பாலைவிட லாக்டோஸ் குறைவு. ஆனால் அடியோடு இல்லாமல் போகாது. அதனால் நீர் மோர் அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன்.

கொஞ்சம் சீரியஸாக

ஊருக்குத் திரும்புவதற்குள் நண்பர்கள் மூன்று பேர் "எனக்கும் இந்த லிஸ்டை அனுப்பு, நாளைக்கே ஆரம்பிச்சுடறேன்" என்றார்கள். அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் டாக்டர். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விடாத காய்ச்சல், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கிற வயிற்றுத் தொந்தரவு, இதில் எது இருந்தாலும் அது வெங்காயத்தின் வேலை என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதக் கூடாது. அதே மாதிரி, கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால் பரிசோதனையே ஏமாற்றிவிடும்.

அடுத்தது, இது எல்லோருக்கும் பலிக்கிற மந்திரமில்லை. ஆராய்ச்சிகளில் ஐ.பி.எஸ். உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் குணம் தெரிந்திருக்கிறது. மீதிப் பேருக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும். ஆறு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பழையபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டு, டாக்டரிடம் அடுத்த வழி கேட்க வேண்டியதுதான். இந்த டயட் வியாதியைக் குணப்படுத்துவதும் இல்லை, தொந்தரவைத்தான் குறைக்கிறது.

மிக முக்கியமானது, காலம் முழுக்கப் பத்தியம் கூடாது. ஃப்ரக்டானும் ஓலிகோவும் எங்களுக்குத்தான் வில்லன். குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்கு அதுதான் சாப்பாடு. அவற்றைப் பட்டினி போட்டால் எண்ணிக்கை குறைந்துபோகிறது என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். போதாக்குறைக்குப் பருப்பையும் பாலையும் விட்டால் புரதம், கால்சியத்துக்கு எங்கே போவது? கூடவே ஒரு டயட்டீஷியன் இருப்பது ரொம்ப நல்லது.

இரண்டு ஊரிலும் இரண்டு நாளில் ஆறு வேளை சாப்பிட்டேன். ஒரு வேளைகூடப் பட்டினி இல்லை. ஒரு வேளைகூட ஓட்டமும் இல்லை. அடுத்த மாதம் நெய்வேலிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் கூப்பிட்ட போனையே எடுத்திருக்க மாட்டேன். இப்போது டிக்கெட் போட்டாகிவிட்டது.

இரண்டாம் கட்டத்துக்கு டயட்டீஷியன் அட்டவணை கொடுத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை முதல் விசாரணை. குற்றவாளிக் கூண்டில் ஏறப்போவது கால் துண்டு வெங்காயம். அதற்கப்புறம் அரை டம்ளர் பால். அதற்கப்புறம் வேக வைத்த துவரம்பருப்பு இரண்டு கரண்டி. மஞ்சக்குப்பத்து முந்திரி பாக்கெட் பிரிக்கப்படாமல் ஷெல்ஃபில் இருக்கிறது. அதன் முறை வர இன்னும் மூன்று வாரம் ஆகும்.

அதுவரை வீட்டில் யாராவது அதைப் பிரித்தால், நிஜ ஐ.பி.எஸ்.ஸைத்தான் கூப்பிட வேண்டும்!